இன்ஸ்பெக் அப்டேட் போட்ட பிறகு ‘ஓடவில்லை’யா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

ஹட்டனில் ஒரு லேப்டாப், அதிலிருந்து நாலைந்து தோட்டத்து ஆபிஸ் சர்வர்கள், ஸ்டோரில் கொழுந்து நிறுவையைப் பதியும் கணினி, டவுனில் ஒரு சிறு நிறுவனத்தின் சம்பளச் சர்வர். இவற்றையெல்லாம் செப் இன்ஸ்பெக் (சர்வரின் அமைப்பும் பாதுகாப்பும் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) கொண்டு சோதிப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. புதிய பதிப்பு போட்ட மறுநாள் வரும் புகார் ஏறக்குறைய எப்போதும் ‘ஓடவில்லை’ என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் உண்டு. கருவியே கிளம்பாதது ஒன்று. கருவி ஒழுங்காக ஓடி, சர்வரில் குறை இருக்கிறது என்று சொன்னது மற்றது. இரண்டாவதைக் கோளாறு என்று எண்ணிப் பழைய பதிப்புக்குத் திரும்பினால், சர்வரில் ஓட்டை அப்படியே இருக்கும். அதைச் சொன்ன கருவிதான் போயிருக்கும்.

கட்டளைகளைத் தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துச் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறோம். மலைநாட்டில் பாதிப் பழுதுபார்ப்பு தொலைபேசியில்தானே நடக்கிறது.

## முதலில் எண்

சோதனை நின்றதும், வேறு எதையும் தட்டும் முன், இதைத் தட்டுங்கள்: எக்கோ, ஓர் இடைவெளி, டாலர் குறி, கேள்விக்குறி. விண்டோஸ் பவர்ஷெல் என்றால் டாலர் லாஸ்ட்எக்சிட்கோட். வருவது எக்சிட் கோட், அதாவது கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண். நடுவில் இன்னொரு கட்டளை தட்டிவிட்டால் அதனுடைய எண்தான் வரும், கவனம்.

0: எல்லாம் தேறியது.
100: குறைந்தது ஒரு சோதனை தோற்றது. கருவிக்கு ஒன்றும் இல்லை. அறிகுறி 5க்குப் போங்கள்.
101: எதுவும் தோற்கவில்லை, சில சோதனைகள் தவிர்க்கப்பட்டன. அறிகுறி 5, பிறகு 7.
1: கட்டளையிலோ ப்ரொஃபைலிலோ (சோதனைகளைத் தொகுத்து வைத்த அடைவு) இணைப்பிலோ பிழை. அறிகுறி 3, 4.
2: ப்ளகின் (கருவியோடு சேர்க்கும் கூடுதல் துண்டு) கோளாறு. அறிகுறி 8.
3: கைவிடப்பட்ட பழைய எழுத்துமுறை. அறிகுறி 3.
127: இன்ஸ்பெக் எங்கே என்று ஷெல்லுக்கே தெரியவில்லை. அறிகுறி 1.
172: லைசன்ஸ் ஏற்கப்படவில்லை. அறிகுறி 2.

## அறிகுறி 1: அப்டேட் போட்டாயிற்று, பதிப்பு எண் மாறவில்லை

செலவில்லாத காரணம். டெர்மினல் பழைய இடத்தையே நினைவில் வைத்திருக்கிறது. ஹாஷ், இடைவெளி, கழித்தல் ஆர் என்று தட்டுங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறங்கள். பிறகு இன்ஸ்பெக் வெர்ஷன்.

இரண்டு இன்ஸ்பெக் இருக்கின்றன. அடிக்கடி காணும் காரணம் இதுதான். விச், கழித்தல் ஏ, இன்ஸ்பெக் என்று கேளுங்கள். தனிப் பேக்கேஜ் /ஆப்ட்/இன்ஸ்பெக் அடியில் இருக்கும். செப் வொர்க்ஸ்டேஷன் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஓர் இன்ஸ்பெக் உண்டு. ரூபி ஜெம் (ரூபி மொழியின் பொதி) வழியாக யாராவது முன்பு போட்டிருந்தால் மூன்றாவதும் இருக்கலாம். பட்டியலில் முதலில் வருவதுதான் ஓடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். வொர்க்ஸ்டேஷனுக்குள் இருப்பதைத் தனியே பிடுங்க வேண்டாம். பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) வரிசையை மாற்றினால் போதும்.

ஜெம் பெயர் தவறு. நான்காம் பதிப்பிலிருந்து இன்ஸ்பெக் என்ற ஜெம் வெறும் நூலகம். கட்டளை வேண்டுமென்றால் இன்ஸ்பெக்-பின் என்ற ஜெம். முதலாவதை மட்டும் புதுப்பித்துவிட்டுக் கட்டளை பழையதாகவே இருக்கிறது என்று குழம்புவது வழக்கம்.

பாதியில் கரண்ட் போனது. உபுண்டுவில் அப்டேட் நடுவே மின்சாரம் போயிருந்தால் பேக்கேஜ் அரைகுறையாக நிற்கும். சூடோ டிபிகேஜி, இரட்டைக் கழித்தல் கன்ஃபிகர், கழித்தல் ஏ. அதன்பின் அப்டேட்டை மறுபடி போடுங்கள். டிஎஃப் கழித்தல் எச் போட்டு /ஆப்ட் இருக்கும் வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மழை வரும் நாடு இது. அந்த மாதங்களில் அப்டேட்டைக் காலையில், யூபிஎஸ் இருக்கும் இயந்திரத்தில் போடுவது நல்லது.

இறக்கிய கோப்பே குறை. தோட்டத்தில் 4ஜி ரௌட்டர் வழியே இறக்கும்போது அறுந்து போன கோப்பு முழுசு போலவே தோன்றும். எஸ்எச்ஏ256சம் போட்டு, பதிவிறக்கப் பக்கத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். டவுனில் ஒருமுறை இறக்கிச் சரிபார்த்து, யூஎஸ்பியில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது இன்னும் நல்லது. எல்லா இடத்திலும் ஒரே பதிப்பு என்ற நிம்மதியும் கிடைக்கும்.

டிபிகேஜி கட்டளைக்கும் சரிவராமல், வட்டில் படிக்க முடியாத பகுதி இருப்பதாக டிமெசேஜில் (கர்னலின் பதிவில்) ஐ/ஓ எரர் வரிகள் வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அது வட்டு சாகிற அறிகுறி. முதலில் பேக்கப், பிறகு வன்பொருள் பார்ப்பவர்.

## அறிகுறி 2: லைசன்ஸ் கேட்டு நிற்கிறது, அல்லது 172

பதிப்பைப் பொறுத்து இங்கே வழி பிரிகிறது.

### பதிப்பு 4 அல்லது 5

2019இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, நிறுவனம் தரும் பேக்கேஜை ஓட்ட அதன் பயன்பாட்டு உடன்படிக்கையை ஏற்க வேண்டும். மூலநிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்தே இருக்கிறது; கட்டுப்பாடு கட்டித் தரும் பேக்கேஜுக்குத்தான்.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகக் கிளப்புவது) ஓட்டினால் 172 வருகிறது என்பதே வழக்கமான புகார். காரணம் எளிது. நீங்கள் உங்கள் பெயரில் ‘சரி’ சொன்னீர்கள். அது உங்கள் ஹோமில், புள்ளி செப் அடைவுக்குள் அக்செப்டட் அண்டர்ஸ்கோர் லைசன்சஸ் என்ற இடத்தில் பதிந்தது. கிரான் ரூட்டாக (நிர்வாகப் பயனராக) ஓடுகிறது. ரூட்டுக்கான பதிவு /ஈடிசி/செப் அடியில் இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை.

தீர்வு: கிரான் கோப்பின் தலையில் செப் அண்டர்ஸ்கோர் லைசன்ஸ் என்ற சூழல் மாறிக்கு அக்செப்ட் என்று மதிப்பு கொடுங்கள் (மாறியின் பெயர் பெரிய எழுத்தில்). சூடோவோடு (நிர்வாக உரிமையோடு) ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சூடோ பெரும்பாலும் சூழல் மாறிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும். ஆகவே மாறியை நம்பாமல் கட்டளையிலேயே செப்-லைசன்ஸ் ஆப்ஷனைக் கொடுங்கள்.

### பதிப்பு 6

இங்கே ‘சரி’ மட்டும் போதாது, லைசன்ஸ் கீ வேண்டும். இன்ஸ்பெக் லைசன்ஸ் லிஸ்ட் போட்டு எது பதிந்திருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் இன்ஸ்பெக் லைசன்ஸ் ஆட். மேலே சொன்ன பயனர் குழப்பம் கீக்கும் பொருந்தும்: யார் பெயரில் சேர்த்தீர்களோ அவருக்குத்தான் அது தெரியும்.

கீ சரியாக இருந்தும் பிழை வந்தால் இணைப்பைச் சந்தேகியுங்கள். கீயைச் சரிபார்க்கக் கருவி வெளியே பேச வேண்டியிருக்கிறது. ஆபிஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம்; மழைக்கு டவர் போயிருக்கலாம். முற்றிலும் இணையம் இல்லாத இடங்களுக்கு உள்ளக லைசன்ஸ் சேவை ஒன்றை வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அது சின்ன இடங்களுக்குத் தலைக்கு மேல் போகும் வேலை.

### கீயும் வேண்டாம், தலைவலியும் வேண்டாம் என்றால்

சிங்க் ஆடிட்டர் இருக்கிறது. அதே மூலநிரலில் இருந்து ஒரு சமூகக் குழு கட்டித் தரும் பேக்கேஜ். உடன்படிக்கையும் கேட்காது, கீயும் கேட்காது. ப்ரொஃபைல்களை மாற்ற வேண்டியதில்லை. கட்டளைப் பெயர் மட்டும் சிங்க்-ஆடிட்டர். கிரானிலும் ஸ்க்ரிப்ட்களிலும் அந்தப் பெயரை மாற்ற மறந்தால் 127 வரும். ஒரு சர்வரும் இரண்டு சர்வரும் பார்க்கிறவர்களுக்கு இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம். வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தத்தில் ‘செப் இன்ஸ்பெக்’ என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் மட்டும் மாற்றும் முன் அவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை சர்வருக்கு எந்த வகை லைசன்ஸ் என்ற கேள்வி வந்தால் அது உங்கள் வேலையல்ல. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

## அறிகுறி 3: ப்ரொஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்கிறது

சோதனையை ஓட்டும் எக்செக் போடும் முன் இன்ஸ்பெக் செக், பிறகு ப்ரொஃபைல் அடைவின் பெயர். சர்வரைத் தொடாமல் எழுத்துப் பிழையை மட்டும் சொல்லும். கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பதிப்பு வேலி. ப்ரொஃபைலின் விவரக் கோப்பான இன்ஸ்பெக் டாட் யம்மலில் இன்ஸ்பெக்_வெர்ஷன் என்ற வரி இருக்கிறதா? அதில் ~> 4.0 என்று இருந்தால் 4இல் எதுவும் சரி, 5 வேண்டாம் என்று பொருள். முன்பு யாரோ கவனமாகப் போட்ட வேலி. ப்ரொஃபைலைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்த பிறகே >= 4.0 என்று தளர்த்துங்கள். பார்க்காமல் தளர்த்தினால் வேலி போட்டதன் நோக்கமே போயிற்று.

இடைவெளி. யம்மல் கோப்பில் டேப் எழுத்து ஆகாது. விண்டோஸ் நோட்பேடில் திருத்தியிருந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள்.

ஆட்ரிபியூட்டும் இன்புட்டும். ப்ரொஃபைலுக்கு நாம் கொடுக்கும் மதிப்பைக் குறித்த ஆட்ரிபியூட் என்ற சொல் நான்காம் பதிப்பில் இன்புட் ஆனது. மூன்று இடத்தில் மாற்ற வேண்டும்: யம்மலில் ஆட்ரிபியூட்ஸ் என்றிருப்பது இன்புட்ஸ்; கன்ட்ரோல் (தனித்தனிச் சோதனை விதி) கோப்புகளில் டிஃபால்ட் என்று கொடுத்த மதிப்பு வேல்யூ; கட்டளையில் ஆட்ர்ஸ் ஆப்ஷன் இன்புட்-ஃபைல். இரண்டை மாற்றி மூன்றாவதை மறப்பவர்களே அதிகம். மறக்கப்படுவது கிரான் ஸ்க்ரிப்டில் இருக்கும் ஆப்ஷன். க்ரெப் போட்டு எல்லா அடைவிலும் பழைய சொல்லைத் தேடிவிடுங்கள்.

சார்பு ப்ரொஃபைல்கள். உங்கள் ப்ரொஃபைல் டெவ்செக் குழுவின் பொது ப்ரொஃபைலான லினக்ஸ் பேஸ்லைன் போன்ற இன்னொன்றை நம்பியிருக்கிறதா? அப்படியானால் ஓடும்போது அதை இணையத்திலிருந்து எடுக்கும். தலவாக்கலையில் நெட் இல்லாத நாளில் அதற்கு வழியில்லை. டவுனில் இருக்கும்போதே இன்ஸ்பெக் வெண்டர் போட்டுச் சார்புகளை ப்ரொஃபைலுக்குள்ளேயே இறக்கி வையுங்கள். ஏற்கெனவே இறக்கியது பழையதாகிவிட்டால் ஓவர்ரைட் ஆப்ஷனோடு மறுபடி. இன்ஸ்பெக் டாட் லாக் கோப்பு பழைய சார்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு பிரதி எடுத்துவிட்டு அதை நீக்கி மறுபடி ஓட்டுங்கள்.

மேகச் சேவைகள். ஏடபிள்யூஎஸ், அஷூர் வளங்களைச் சோதிக்கும் சொற்களைத் தனி ரிசோர்ஸ் பேக்கிலிருந்து எடுப்பதே இப்போதைய வழி. யம்மலில் டிபெண்ட்ஸ் அடியில் அந்தப் பேக்கைச் சேர்க்காவிட்டால் ‘இப்படி ஒரு சொல்லே தெரியாது’ என்ற வகையில் ரூபிப் பிழை வரும்.

உள்ளே இருக்கும் ரூபி மாறிவிட்டது. லைப்ரரீஸ் அடைவில் சொந்தமாக எழுதிய ரிசோர்ஸ் (சோதனைச் சொல்) இருந்தால் மட்டும் இது. /ஆப்ட்/இன்ஸ்பெக்/எம்பெடட்/பின்/ரூபி, கழித்தல் வி என்று கேட்டால் பேக்கேஜுக்குள் இருக்கும் ரூபி எண் வரும். ரூபி 3.0இல் கீவேர்ட் ஆர்கியுமென்ட்டுகளை ஹாஷாகக் கொடுத்தால் ஏற்காது. 3.1இல் யம்மல் லோட் கண்டிப்பானது. தேதியும் ஏலியாஸும் உள்ள கோப்பைப் படிக்க மறுக்கும். 3.2இல் ஃபைல் எக்சிஸ்ட்ஸ் என்ற பழைய பெயர் போய்விட்டது, கடைசி எஸ் இல்லாத பெயர்தான் செல்லும். இந்த மூன்றையும் பார்த்த பின்னும் பிழை நீங்காவிட்டால், அந்த ரிசோர்ஸை எழுதியவரையோ ரூபி தெரிந்த ஒருவரையோ கூப்பிடுங்கள். கருவியைப் பிரித்து மேயும் நேரம் வீண்.

## அறிகுறி 4: சர்வரோடு இணையவில்லை

முதலில் இன்ஸ்பெக்கை மறந்துவிட்டு வெறும் எஸ்எஸ்எச் (தூரத்துச் சர்வருக்குள் நுழையும் கட்டளை) போட்டுப் பாருங்கள், அதே பயனர், அதே சாவி. இங்கேதான் வழி பிரிகிறது.

### வெறும் எஸ்எஸ்எச்சும் போகவில்லை

அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரௌட்டர் மறுபடி ஏறியபோது சர்வரின் ஐபி முகவரி மாறியிருக்கலாம், ஃபயர்வால் இருக்கலாம், சர்வரே அணைந்திருக்கலாம். தோட்டத்து ஆபிஸில் இருப்பவரிடம் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2 கிலோமீட்டர் நடக்க வைப்பதற்கு முன் ரௌட்டர் விளக்குகள் என்ன நிறம் என்று கேளுங்கள்.

### வெறும் எஸ்எஸ்எச் போகிறது, இன்ஸ்பெக் மட்டும் போகவில்லை

இன்ஸ்பெக் உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. நெட்-எஸ்எஸ்எச் என்ற ரூபி நூலகம் வழியாகப் பேசுகிறது. இரண்டுக்கும் தெரிந்த குறியாக்க முறைகள் வேறு வேறு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் அரைநாள் போகும்.

*பழைய இன்ஸ்பெக், புதிய சர்வர்.* 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ-1 கொண்ட ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதில்லை. உபுண்டு 22.04இல் இருப்பது அதற்கும் புதியது. சர்வரை 22.04க்கு ஏற்றிவிட்டு லேப்டாப்பில் பழைய இன்ஸ்பெக்கை வைத்திருந்தால், சரியான சாவி கொடுத்தும் ‘அங்கீகாரம் தோற்றது’ என்று வரும். சர்வரின் /வார்/லாக்/ஆத் டாட் லாகில் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் என்ற சொல் தென்பட்டால் இதுதான் காரணம். இன்ஸ்பெக்கைப் புதுப்பியுங்கள், நெட்-எஸ்எஸ்எச் 7 முதல் புதிய கையெழுத்து முறை தெரியும். அல்லது எட்25519 வகையில் புதுச் சாவி ஒன்று உருவாக்கிச் சர்வரில் சேருங்கள். ஜெம் வழியாகப் போட்டவர்களுக்கு எட்25519, பிகிரிப்ட்_பிபிகேடிஎஃப் என்ற இரண்டு ஜெம்களும் வேண்டும். சர்வரின் எஸ்எஸ்எச்டி கன்ஃபிகில் பழைய முறையைத் திறந்துவிடுவது வேலை செய்யும்தான். ஆனால் பாதுகாப்பைச் சோதிக்க வந்தவர் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன கதையாகும்.

*புதிய இன்ஸ்பெக், கிழட்டுச் சர்வர்.* இது எதிர்ப்புறம். ‘குட் நாட் செட்டில் ஆன் கெக்ஸ் அல்காரிதம்’ என்று பிழை வரும். சர்வருக்குத் தெரிந்த பழைய முறைகளைப் புதிய நூலகம் கைவிட்டுவிட்டது. உடனடி வழி, அந்தச் சர்வரிலேயே இன்ஸ்பெக் போட்டு உள்ளூரில் ஓட்டுவது. நிலையான வழி, சர்வரின் இயங்குதளத்தை மாற்றுவது. அதற்கு ஆளும் பணமும் வேண்டும். அறிக்கையில் அதையே முதல் குறையாக எழுதிவிடுங்கள்.

### இணைகிறது, சூடோவில் நிற்கிறது

எஸ்எஸ்எச் வழியாகச் சூடோ கழித்தல் என் ட்ரூ என்று ஓட்டுங்கள். சத்தமில்லாமல் முடிந்தால் சூடோ சரி. கடவுச்சொல் வேண்டும் என்றால், சோதனைக்கான பயனருக்கு மட்டும் விசூடோ வழியாக நோபாஸ்வேர்ட் கொடுங்கள். டிடிஒய் வேண்டும் என்றால், அதே பயனருக்கு மட்டும் ரிக்வயர்டிடிஒய் நீக்குங்கள். பழைய ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் சர்வர்களில் இது வரும். எல்லாருக்கும் திறந்துவிட வேண்டாம். விசூடோவைத் தவிர வேறு எடிட்டரில் அந்தக் கோப்பைத் தொடவும் வேண்டாம்: ஒரு எழுத்துப் பிழையில் சூடோ முழுவதும் பூட்டிக்கொள்ளும், பிறகு சர்வர் இருக்கும் இடத்துக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

விண்டோஸ் சர்வர் என்றால் வின்ஆர்எம் போர்ட் 5985 அல்லது 5986. இரண்டாவதில் சொந்தச் சான்றிதழ் வைத்திருந்தால் எஸ்எஸ்எல், செல்ஃப்-சைன்ட் இரண்டு ஆப்ஷனும் வேண்டும்.

எல்லாம் ஆனபின் இன்ஸ்பெக் டிடெக்ட். அது சர்வரின் இயங்குதளப் பெயரைச் சரியாகச் சொன்னால் இணைப்பு வேலை முடிந்தது.

## அறிகுறி 5: நேற்றுப் பச்சை, இன்று சிவப்பு (அல்லது நேர் எதிர்)

எக்சிட் கோட் 100. கருவி ஓடியிருக்கிறது. பதறாமல் இரண்டு ஜேசன் அறிக்கைகளை, அப்டேட்டுக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன் எடுத்தது இல்லையென்றால் பழைய பதிப்பை வேறொரு கணினியில் போட்டு இன்றே ஒன்று எடுங்கள். இரண்டு பதிப்பும் ஒரே குறையைச் சொன்னால் சர்வரில்தான் யாரோ கை வைத்திருக்கிறார். அப்டேட் குற்றவாளியல்ல.

புதிய பதிப்பில் மட்டும் சிவப்பு என்றால்:

சார்பு ப்ரொஃபைல் நகர்ந்திருக்கிறது. வெண்டர் செய்யாமல், டேக் குறிப்பிடாமல் டெவ்செக் பேஸ்லைனை நம்பியிருந்தால், அவர்கள் புதுக் கன்ட்ரோல் சேர்த்த அன்று உங்கள் அறிக்கை மாறும். யம்மலில் ஒரு டேக்கைக் குறிப்பிட்டு நிறுத்துங்கள்.

இன்புட் கிடைக்கவில்லை. ‘இன்புட்டுக்கு மதிப்பு இல்லை’ என்று தவிர்க்கப்பட்ட சோதனைகள் இருந்தால் அறிகுறி 3இல் சொன்ன ஆட்ரிபியூட் மாற்றம் பாதியில் நிற்கிறது. மதிப்பு வருகிறது, ஆனால் வேறு மதிப்பு வருகிறது என்றால் வரிசையைப் பாருங்கள்: கட்டளையில் நேரே கொடுத்தது இன்புட் கோப்பை வெல்லும், இன்புட் கோப்பு யம்மலை வெல்லும், யம்மல் கன்ட்ரோலுக்குள் எழுதியதை வெல்லும்.

விலக்கு காலாவதி. வேவர் கோப்பில் ஒவ்வொரு விலக்குக்கும் எக்ஸ்பைரேஷன்_டேட் வைக்கலாம். அந்த நாள் தாண்டியதும் விலக்கு செல்லாது, கன்ட்ரோல் மறுபடி எண்ணப்படும். அப்டேட் போட்ட நாளும் விலக்கு முடிந்த நாளும் அருகருகே வந்துவிட்டால் பழி அப்டேட்டின் மேல்தான் விழும். தேதியை மட்டும் ஒரு வருடம் தள்ளிப் போடுகிற பழக்கம் வேண்டாம். ஜஸ்டிஃபிகேஷன் வரியில் எழுதிய காரணம் இன்றும் உண்மையா என்று வாசித்துவிட்டுத் தள்ளுங்கள்.

கடிகாரம். காரணமே தெரியாமல் அறிக்கை திடீரென்று *நல்லதாக* மாறினால் இதைப் பாருங்கள். பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்த பின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நெட் இல்லாவிட்டால் என்டிபியும் திருத்தாது. சோதனை ஓடும் கணினி அப்படியானால், செத்துப்போன விலக்குகள் உயிர்பெறும், சிவப்பெல்லாம் மறையும். அதே நேரம் இணையத்தில் எதையும் இறக்க முயன்றால் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று பிழை வரும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேட வேண்டாம். டேட் என்று தட்டுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். கடையில் மணிக்கூட்டுப் பேட்டரி கேட்டாலே கிடைக்கும். இந்தக் குறிப்பில் உள்ள மிக மலிவான உதிரிப் பாகம் இதுதான்.

## அறிகுறி 6: ஓடுகிறது, ஆனால் முடிவதே இல்லை

தூரத்துச் சர்வரைச் சோதிக்கும்போது ஒவ்வொரு கேள்வியும் ஒரு போய்வருகை. 2,000 கட்டளைகள், போய்வர 150 மில்லிசெகண்ட் என்றால் காத்திருப்புக்கு மட்டும் 300 செகண்ட். ஃபைபர் உள்ள கண்டியில் தெரியாத இந்தத் தாமதம், ஒற்றைக் கோடு சிக்னலில் மஸ்கெலியாவில் நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரே ஒரு கன்ட்ரோலை கன்ட்ரோல்ஸ் ஆப்ஷன் கொடுத்து ஓட்டுங்கள். அதுவே இழுத்தால் இணைப்பு. அது சட்டென்று முடிந்து முழு ப்ரொஃபைல் மட்டும் இழுத்தால், வட்டு முழுவதையும் ஃபைண்ட் கொண்டு தேடும் கன்ட்ரோல் ஒன்று உள்ளே இருக்கும். லாக் லெவலை டீபக் ஆக்கி, எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். கட்டளைகளுக்கு நேர எல்லை வைக்க கமாண்ட்-டைம்அவுட் ஆப்ஷன் உண்டு. எல்லை தாண்டியது தோல்வியாக எண்ணப்படும். சிவப்பைக் கண்டு மிரள வேண்டாம்.

இணைப்புதான் குறை என்றால் இணைப்போடு மல்லுக்கட்டாதீர்கள். இன்ஸ்பெக் ஆர்கைவ் போட்டு ப்ரொஃபைலைக் கட்டி, சர்வருக்கு அனுப்பி, அங்கேயே டீமக்ஸுக்குள் ஓட்டி, ஜேசன் அறிக்கையை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் டீமக்ஸுக்குள் வேலை தொடரும். பதிப்பு 6இல் வந்த பேரலல், பல சர்வர்களை ஒரே நேரத்தில் சோதிக்கத்தான். மெல்லிய ஒரே இணைப்பில் அதைப் போட்டால் எல்லாம் சேர்ந்து மெதுவாகும்.

## அறிகுறி 7: சோதனை தேறியது, ஆனால் தானியங்கி வேலை தோற்றதாகச் சொல்கிறது

ஜென்கின்ஸோ ஷெல் ஸ்க்ரிப்டோ 0 தவிர எல்லாவற்றையும் தோல்வி என்று எண்ணும். தவிர்க்கப்பட்ட ஒரு சோதனை இருந்தாலே 101 வரும். நோ-டிஸ்டிங்ட்-எக்சிட் ஆப்ஷன் கொடுத்தால் தோல்விக்கு 1, மற்றதற்கு 0 என்று சுருங்கும். ஆனால் தவிர்க்கப்பட்டவை அதில் மறைந்துவிடும். ஸ்க்ரிப்டில் 101ஐத் தனியே பிடித்து எச்சரிக்கையாகக் காட்டுவதே எங்கள் தேர்வு.

அறிக்கைக் கோப்பு வரவில்லை என்றால் பழைய ஃபார்மேட் ஆப்ஷனை விட்டு ரிப்போர்ட்டர் ஆப்ஷனுக்கு மாறுங்கள். இரண்டு வகை அறிக்கை ஒன்றாகக் கேட்டால் ஒன்றுதான் திரைக்குப் போகலாம்; மற்றதற்கு ஜேசன், முக்காற்புள்ளி, கோப்புப் பெயர் என்று இடம் காட்டுங்கள்.

## அறிகுறி 8: ப்ளகின் ஏறவில்லை

எக்சிட் கோட் 2. இன்ஸ்பெக் ப்ளகின் லிஸ்ட். ப்ளகின்கள் ஹோமில் புள்ளி இன்ஸ்பெக் அடைவுக்குள், ரூபி பதிப்பு வாரியாக உட்காரும். பெரிய அப்டேட்டில் ரூபி மாறினால் பழையவை புதிய ரூபிக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். யாருக்கும் எதற்கென்று தெரியாத ப்ளகின் இருந்தால் மறுபடி போட வேண்டாம்.

## பின்வாங்குவதும் ஆளைக் கூப்பிடுவதும்

மறுநாள் காலை அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும், மேலே சொன்ன எதுவும் பிடிபடவில்லை என்றால் பழைய பதிப்புக்குப் போங்கள். அதற்குப் பழைய பேக்கேஜ் கோப்பு கையில் இருக்க வேண்டும். அப்டேட் போடும் முன் அதை யூஎஸ்பியில் வைத்திருங்கள். போட்ட பின் ஏபிடி-மார்க் ஹோல்ட் இன்ஸ்பெக். இல்லாவிட்டால் இரவோடு இரவாக அது மறுபடி ஏறிவிடும். ஹோல்ட் வைத்த நாளைக் கிரான் கோப்பின் தலையில் குறிப்பாக எழுதுங்கள்.

வெளியாளைக் கூப்பிடும் நேரம்: வட்டுப் பிழைகள் வந்தால், சூடோ பூட்டிக்கொண்டால், சொந்த ரிசோர்ஸ் ரூபியில் உடைந்தால், புதிய பதிப்பு சொல்லும் சிவப்பு உண்மையான ஊடுருவலின் தடம் போலத் தெரிந்தால், அதாவது தெரியாத பயனர், தெரியாத திறந்த போர்ட், ரூட்டுக்குப் புதிய எஸ்எஸ்எச் சாவி. கடைசியாகச் சொன்னதில் எதையும் நீங்களே அழித்துத் திருத்த வேண்டாம். சர்வரை வலையிலிருந்து கழற்றி, அணைக்காமல் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

அவருக்கு அனுப்ப வேண்டியவை: இன்ஸ்பெக் வெர்ஷன், டிடெக்ட் சொன்னது, எக்சிட் கோட், ஓட்டிய கட்டளை எழுத்துக்கு எழுத்து, டீபக் லாக். லாகை அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். கட்டளைகளின் வெளியீடு அப்படியே அதில் இருக்கும். செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவு) சர்வரானால் தொழிலாளர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் கலந்திருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அதை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. கடவுச்சொல் போன்ற இன்புட்டுகளுக்கு சென்சிடிவ் ட்ரூ என்று குறித்து வைத்தால் அறிக்கையில் அவை மறைக்கப்படும். அதைப் பிரச்சினை வரும் முன்னரே செய்து வையுங்கள்.